பச்சை டப்பாவில் கேஜன் காரம்: டோனி சாஷரி மசாலாத் தூள் பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் மசாலா வரிசையில் பச்சை நிற உருளை டப்பா ஒன்று தவறாமல் இருக்கும். லூயிசியானா மாநிலத்தின் ஒப்பலூசஸ் நகரைச் சேர்ந்த டோனி சாஷரி நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலிருந்து விற்றுவரும் ‘ஒரிஜினல் கிரியோல் சீசனிங்’ என்ற மசாலாத் தூள் அது. லூயிசியானாவில் குடியேறிய பிரெஞ்சு வழி மக்களின் கேஜன் சமையலைப் பழகிப் பார்க்க விரும்பும் நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவதும் இதைத்தான். ஆனால் இதைப் பற்றிய மதிப்புரைகள் காரம் போதும், உப்பு அதிகம் என்ற இரண்டு வரிகளோடு முடிந்துவிடுகின்றன. கேஜன் உணவின் காரமும் மணமும் யார் யாரிடமிருந்து வந்தன என்று தெரிந்தால்தான், அவற்றில் எவை இந்த டப்பாவுக்குள் இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று நியாயமாக எடைபோட முடியும். அந்த நோக்கத்தோடு, இதன் கூடவே அலமாரியில் இருக்கும் வேறு சில லூயிசியானாத் தயாரிப்புகளையும் ஒப்பிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருக்கும் பட்டியல் மிகச் சிறியது. உப்பு, சிவப்பு மிளகாய்த் தூள், கருமிளகு, சில்லி பவுடர் என்று அமெரிக்காவில் விற்கப்படும் கலவைத் தூள், பூண்டு, கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்கான் டையாக்சைடு, அவ்வளவுதான். பட்டியலில் முதலில் வருவது எடையில் அதிகமாக இருப்பது என்பது அமெரிக்க உணவுச் சீட்டுகளின் விதி. ஆகவே இது முதலில் உப்பு, அதற்குப் பிறகுதான் மசாலா. கால் தேக்கரண்டித் தூளில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒருவர் ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; இந்தத் தூளில் ஒன்றரைத் தேக்கரண்டியே அந்த அளவைத் தாண்டிவிடும். நம் வீடுகளில் சாம்பார்ப் பொடியையோ மிளகாய்த் தூளையோ தாராளமாக அள்ளிப் போடும் கைப்பழக்கத்தில் இதைப் போட்டால், காரம் எட்டுவதற்கு முன்பே உணவு வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பாகிவிடும். இதைத் தயாரிப்பின் குறை என்று நான் சொல்லமாட்டேன். சமைத்து முடித்த உணவின் மேல் தூவுவதற்கு, அதாவது மேசை உப்புக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்கு ஏற்றபடி செய்யப்பட்ட தூள் இது. அப்படிப் பயன்படுத்துவோருக்கு அளவு சரியாகவே இருக்கும்.

கேஜன் மக்களின் முன்னோர் காரம் தின்றவர்கள் அல்லர் என்பதைப் பலர் அறிவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து புறப்பட்டு இன்றைய கனடாவின் கிழக்குக் கடற்கரையில், நோவா ஸ்கோஷியாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறியவர்கள் அவர்கள். அகாடியா என்று பெயர் பெற்ற அந்தக் குளிர்நாட்டில் கடலோரச் சதுப்பு நிலங்களுக்கு அணைகட்டிக் கோதுமை பயிரிட்டார்கள். உப்பிட்ட பன்றி இறைச்சி, மீன், முட்டைக்கோஸ், கிழங்குகள் ஆகியவற்றை ஒரே பானையில் இட்டு நெடுநேரம் வேகவைத்து உண்டார்கள். மணத்துக்கு வெங்காயத் தாள், சம்மர் சேவரி என்ற சிறு மூலிகை, உப்பில் ஊறவைத்த கீரைத் தழைகள். இன்றும் கனடாவில் எஞ்சியிருக்கும் அகாடியர்களின் ஃப்ரிக்கோ என்ற கோழிக் குழம்பில் மிளகாய்க்கு இடமில்லை. பிரிட்டிஷ் ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸின் காலத்தில், 1755-ஆம் ஆண்டில், அரசருக்கு நிபந்தனையற்ற விசுவாச உறுதிமொழி தர மறுத்த காரணத்துக்காக அவர்களைக் கப்பலேற்றி நாடுகடத்தத் தொடங்கினார்கள். குடும்பங்கள் பிரிந்தன, பல்லாயிரம் பேர் சிதறினார்கள், கப்பல்களிலும் முகாம்களிலும் நோயால் பலர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் 1764, 1765-ஆம் ஆண்டுகளில் லூயிசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ‘போசொலெய்’ என்று அழைக்கப்பட்ட ஜோசப் ப்ரூசார் அழைத்துவந்த கூட்டம் அவர்களில் முக்கியமானது. பிரான்சில் தங்கியிருந்த ஏறக்குறைய 1,600 பேர் 1785-இல் ஏழு கப்பல்களில் வந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களே கேஜன் மக்கள்.

வந்து இறங்கிய மண்ணில் கோதுமை விளையவில்லை. மக்காச்சோளத்துக்கும் பிறகு அரிசிக்கும் மாறினார்கள். ஒரே பானையில் நெடுநேரம் வேகவைக்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. அந்தப் பானைக்குள் விழுந்த பொருள்கள்தான் ஒவ்வொன்றாக மாறின. இந்த மாற்றத்தில் அவர்களுக்கு உதவியவர்கள் பலர். அந்த மண்ணின் பூர்வகுடிகளான சொக்டா மக்கள் இருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்களில் பெரும்பகுதியினர் செனிகாம்பியாப் பகுதியினர், நெல் பயிரிடும் அறிவையும் வெண்டைக்காயை உண்ணும் வழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். 1720-களிலிருந்து மிசிசிப்பி ஆற்றங்கரையில் குடியேறியிருந்த ஜெர்மானியர்கள் தொத்திறைச்சியும் புகையூட்டிய இறைச்சியும் செய்வதில் கைதேர்ந்தவர்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, அகாடியர்கள் வந்த நேரத்தில் லூயிசியானா பிரான்சின் கையிலிருந்து ஸ்பெயினின் கைக்கு மாறியிருந்தது.

டப்பாவின் காரத்துக்குக் காரணமான சிவப்பு மிளகாய் இந்தக் கூட்டுவாழ்வில்தான் கேஜன் அடுப்படிக்குள் நுழைந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். போர்த்துகீசியர்கள் மூலம் நம் நாட்டுக்கு வந்ததும் அங்கிருந்துதான். லூயிசியானாவுக்குள் அது ஒரே பாதையில் வந்ததாகச் சொல்ல முடியாது. ஸ்பானிய ஆட்சி மெக்சிகோவோடும் கரீபியத் தீவுகளோடும் வணிகத் தொடர்பைத் தந்தது. போர்த்துகீசியக் கப்பல்கள் வழியாக ஆப்பிரிக்கா ஏற்கெனவே மிளகாயைச் சுவைத்துத் தன் உணவில் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆகவே அங்கிருந்து வந்த சமையல்காரப் பெண்களுக்கு அது புதிய பொருள் அன்று. இன்றைய ஹைட்டியான சான் டொமிங்கில் 1791-இல் தொடங்கிய அடிமைகளின் புரட்சிக்குப் பிறகு அகதிகள் அலை அலையாக வந்தார்கள். கியூபா வழியாக 1809, 1810-ஆம் ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய 9,000 பேர் நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார்கள். கரீபியச் சமையலின் காரம் அவர்களோடும் வந்தது. கேஜன் உணவின் புகழ் முழுவதையும் அகாடியர்களுக்கு மட்டுமே உரியதாகச் சொல்லும் கடைச் சுவரொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், அடிமைத்தளையில் இருந்தபடி அந்தக் காரத்தைப் பானையில் இட்ட கைகளின் பெயர் ஓரிடத்திலும் இல்லையே என்ற வருத்தம் எனக்கு எழுகிறது.

இனித் தூளுக்கு வருவோம். மூடியின் துளைகள் வழியே உள்ளங்கையில் சிறிது கொட்டிப் பார்த்தால், செங்கல் நிறத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில், வெள்ளைப் பரல்களாக உப்பும் இடையிடையே கருமிளகின் பொடிந்த துகள்களும் தனித்தனியே தெரிகின்றன. முகர்ந்தால் முதலில் பூண்டுத் தூளின் மணம், அதன் பின்னால் சில்லி பவுடரில் உள்ள சீரகத்தை நினைவூட்டும் மெல்லிய மணம். நாக்கில் வைத்தவுடன் உப்பு. ஓரிரு நொடியில் கருமிளகின் சுருக்கென்ற உறைப்பு. மிளகாயின் காரம் கடைசியில், தொண்டையின் பின்பக்கத்தில், மெதுவாக எழும்பி வெகு நேரம் நிற்காமல் அடங்கிவிடுகிறது. குண்டூர் மிளகாய்க்குப் பழகிய நாக்குக்கு இது இளங்காரம்தான். ஆனால் பூண்டும் மிளகும் மிளகாயும் ஒன்றை ஒன்று மறைக்காதபடி அளவு பார்த்துச் சேர்த்திருப்பது தெளிவாகத் தெரிகிறது.

வறுத்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, வெண்ணெய் தடவிய சோளக்கதிர் ஆகியவற்றின் மேல் சூடாக இருக்கும்போதே தூவினால் இந்தத் தூளுக்கு நிகரில்லை என்பேன். எண்ணெயின் ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டு, சூட்டில் பூண்டின் மணம் விரிகிறது. மீன் துண்டுகளில் தடவிப் பொரிக்கும்போதும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முன்னதாகவே தடவி ஊறவைத்தால் உப்பு நீரை இழுத்துவிடும் என்பதால், பொரிப்பதற்குச் சற்று முன்புதான் தடவ வேண்டும். வெறும் சோற்றில் நெய்யோடு இதைப் பிசைந்து உண்டு பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. உலர்ந்த பூண்டுத் தூளுக்குக் குழம்பில் கரையவோ எண்ணெயில் பொரியவோ ஒரு வாய்ப்பு வேண்டியிருக்கிறது.

கருமிளகைப் பற்றி ஒரு சொல். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த கொடி அது. ஆனால் லூயிசியானாவின் மிளகை மலபாரோடு நேராக முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் 1790-களிலிருந்து சுமத்திராவில் மிளகை மூட்டை மூட்டையாக ஏற்றிவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் மிளகு மலிவாகப் புழங்கியதற்கு அந்த வணிகம் பெருங்காரணம். குளிர்காலத்தில் ஊர்கூடிப் பன்றியை அறுத்து இறைச்சியைப் பங்கிட்டுக்கொள்ளும் பூஷெரி என்ற கேஜன் வழக்கத்தில் மிளகும் மிளகாயும் உப்பும் பூண்டும் ஒருங்கே சேர்கின்றன. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஒரு பன்றியின் இறைச்சியை ஒரு குடும்பத்தால் கெடாமல் தின்று தீர்க்க முடியாது. ஆகவே முறைவைத்து அறுத்துப் பகிர்ந்துகொண்டார்கள், எஞ்சியதை உப்பிட்டுப் புகையூட்டினார்கள். பன்றியின் தோள்பட்டை இறைச்சியைப் பட்டை பட்டையாக வெட்டி, உப்பும் மிளகாயும் பூண்டும் அப்பிப் புகையில் வாட்டிய டாசோ என்ற இறைச்சியைத் தின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பச்சை டப்பாவின் கலவை எங்கே பிறந்தது என்று உடனே விளங்கிவிடும். அந்த அப்புமசாலாவின் நேரடி வாரிசு இது. டப்பாவின் மேல், நகரத்துச் சமையலைக் குறிக்கும் கிரியோல் என்ற சொல்லை எழுதியிருந்தாலும், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையலறைகளின் தைம், ஆரிகானோ போன்ற மூலிகைகள் இதில் முன்னிற்கவில்லை. நாட்டுப்புறக் கேஜன் வீடுகளின் காரசாரமே முன்னிற்கிறது.

அடுத்ததாகக் கம்போ. கேஜன் சமையலின் மகுடம் இந்தக் குழம்புதான்; இந்தத் தூளை மெய்யாகச் சோதிக்கும் இடமும் இதுதான். 1803 முதல் 1805 வரை லூயிசியானாவில் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் சி. சி. ராபின், அகாடியர்களின் வீட்டு நடன விருந்துகளில் கம்போ பரிமாறப்பட்டதை எழுதியிருக்கிறார். அதாவது, வந்து சேர்ந்த நாற்பது ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்க, சொக்டாச் சமையலின் குழம்பு அவர்களின் கொண்டாட்ட உணவாகிவிட்டது.

மாவையும் எண்ணெயையும் சம அளவில் எடுத்து, அடிகனத்த இரும்புச் சட்டியில் கைவிடாமல் கிளறி, சாக்லேட் நிறம் வரும்வரை வறுப்பதற்கு ரூ என்று பெயர். நிறம் கருக்கக் கருக்க வறுத்த கொட்டையின் மணம் கூடும். ஆனால் குழம்பைக் கெட்டியாக்கும் ஆற்றல் குறையும். அதில் பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் கொட்டி வதக்குவார்கள். கத்தோலிக்கரான கேஜன் மக்கள் இந்த மூன்றுக்கும் புனிதத் திரித்துவம் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுத் தாளிப்பைப் போல, இதன் மணம் எழும்பினால்தான் சமையல் தொடங்கியதாகப் பொருள். பிறகு பூண்டு, பிரிஞ்சி இலையை ஒத்த பே இலை, இறைச்சிச் சாறு, கோழி, ஆன்டூயி என்ற புகையூட்டிய தொத்திறைச்சி ஆகியவை சேரும்.

இந்த வரிசையில் பச்சை டப்பாவின் தூளுக்கு எங்கே இடம்? கோழித் துண்டுகளைச் சிவக்க வறுப்பதற்கு முன் மேலே தூவுவதற்கும், இறக்கும் தறுவாயில் உப்பையும் காரத்தையும் சரிபார்ப்பதற்கும் அது மிகவும் உதவுகிறது. ஆனால் வதக்கும்போதே தேவையான காரம் முழுவதையும் இதிலிருந்து எடுக்க முயன்றால் உப்பு மிஞ்சிவிடும். ஆன்டூயியிலும் உப்பு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கம்போவுக்குத் தனிக் கயீன் மிளகாய்த் தூளை எடுத்துக்கொண்டு, இதை முடிவில் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வதே சரியான முறை. உப்பில்லாத வகை ஒன்றையும் இதே நிறுவனம் விற்கிறது. குழம்பு வைப்பவர்களுக்கு அதுதான் வசதி.

கேஜன் மசாலாப் பொருள்களில் மிகப் பழையதும் இந்த மண்ணுக்கே உரியதுமான ஒன்று இந்த டப்பாவுக்குள் இல்லை. சாசஃப்ராஸ் மரத்தின் இளந்தழைகளை நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்த ஃபிலே என்ற தூள் அது. இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் சாசஃப்ராஸ். ஒரே கிளையில் மூன்று வடிவங்களில் இலை விடும் விந்தையான மரமும்கூட. அகாடியர்கள் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே சொக்டா மக்கள் இந்தத் தூளைத் தங்கள் உணவில் சேர்த்துவந்தார்கள். லக்கோம்பு நீரோடைப் பகுதியைச் சேர்ந்த சொக்டாப் பெண்கள் நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சுச் சந்தைக்கு ஃபிலேயைக் கொண்டுவந்து விற்றதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிவுகள் சொல்கின்றன.

ஃபிலேக்கென்று தனிக் குப்பியை அந்த மாநிலத்தின் பல நிறுவனங்கள் விற்கின்றன; நான் ஒப்பிட்டுப் பார்த்தது சாட்டரைன்ஸ் நிறுவனத்தின் சிறிய குப்பி. நியூ ஆர்லியன்ஸில் 1889-இல் தொடங்கப்பட்டு, 2003-இல் மெக்கார்மிக் நிறுவனத்தின் கைக்குப் போன பழைய பெயர் அது. முருங்கைக் கீரைப் பொடியை ஒத்த, சற்று மங்கிய பச்சை நிறம். தைமும் எலுமிச்சைத் தோலும் கலந்தாற்போன்ற மணம். வாயில் இட்டால் லேசான துவர்ப்பு, சிறிது மண்வாசனை. கம்போவை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு ஒரு சிட்டிகை தூவிக் கலக்கினால் குழம்பு பளபளப்பாகத் திரண்டுவருகிறது. கொதிக்கும்போதே போட்டுவிட்டால் நூல் நூலாக இழுபட்டுப் பார்க்கவே சகிக்காது. அதனால்தான் பல கேஜன் வீடுகளில் ஃபிலேயைச் சட்டியில் போடாமல் மேசையில் வைத்து, அவரவர் கிண்ணத்தில் அவரவரே தூவிக்கொள்கிறார்கள். வெண்டைக்காய் விளையும் கோடையில் அதன் வழுவழுப்பால் குழம்பைக் கெட்டியாக்கினார்கள். அது கிடைக்காத குளிர்காலத்தில் ஃபிலேயைச் சேர்த்தார்கள். இரண்டையும் ஒரே சட்டியில் போடுவதைப் பழைய கைகள் விரும்புவதில்லை, நானும் பரிந்துரைக்கமாட்டேன். சாசஃப்ராஸ் வேரில் உள்ள சாஃப்ரோல் என்ற பொருளை உணவில் சேர்க்க அமெரிக்க அரசு 1960-இல் தடை விதித்தது. இலையில் அது மிகவும் குறைவு என்பதால் ஃபிலே இன்றும் தடையின்றிக் கிடைக்கிறது. பச்சை டப்பாவை வாங்குபவர்கள் இந்தச் சிறு குப்பியையும் கூடவே வாங்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். மிளகாயும் மிளகும் எந்த நாட்டிலும் கிடைக்கும். ஃபிலே இல்லாமல் அந்த மண்ணின் மணம் வராது.

போட்டித் தயாரிப்புகளில் வில் பிளாட் என்ற சிற்றூரிலிருந்து 2001-ஆம் ஆண்டு முதல் வரும் ஸ்லாப் யா மாமா முக்கியமானது. மஞ்சள் நிற டப்பா. உள்ளே உப்பு, சிவப்பு மிளகாய், கருமிளகு, பூண்டு ஆகிய நான்கு மட்டும். அரைப்பு இன்னும் மென்மையானது, மிளகின் பங்கு தூக்கலாகத் தெரிகிறது, சில்லி பவுடரின் மணம் இல்லை. பூஷெரி அப்புமசாலாவுக்கு இதுவே இன்னும் நெருக்கமானது என்பது என் எண்ணம். முட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் பச்சை டப்பா, இறைச்சிக்கும் மீனுக்கும் மஞ்சள் டப்பா என்று பிரித்துக்கொள்வேன்.

நண்டும், நன்னீர் இறாலை ஒத்த கிராஃபிஷும் அவிக்கும்போது போடும் சாட்டரைன்ஸ் மசாலாப் பை வேறு வகையைச் சேர்ந்தது. பையைக் கிழித்துப் பார்த்தால் கடுகு, கொத்தமல்லி விதை, காய்ந்த கயீன் மிளகாய், பே இலை, சதகுப்பை விதை, ஆல்ஸ்பைஸ் ஆகியவை முழுசாக இருக்கின்றன. இது ஐரோப்பிய ஊறுகாய் மசாலாவில் மிளகாய் சேர்ந்த வடிவம். தூள் மசாலாக்களின் வழியிலிருந்து இது விலகியது என்றாலும், அந்த நீரில் வெந்த இறாலை உரித்துத் தின்றவர்கள் இதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

டபாஸ்கோவைக் குறிப்பிடாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. கேஜன் நாட்டின் நடுவே இருக்கும் ஏவரி தீவில் எட்மண்ட் மெக்கில்ஹென்னி 1868-இல் முதல் வணிகப் பயிரைச் செய்து, 1870-இல் காப்புரிமை பெற்ற மிளகாய்ச் சாறு அது. அந்தத் தீவு ஒரு பெரும் உப்புப் பாறையின் மேல் அமைந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படைக்கு அங்கிருந்தும் உப்பு போனது. மிளகாய் விழுதை உப்போடு ஓக் மரப் பீப்பாய்களில் மூன்று ஆண்டுகள் வரை ஊறவைத்துக் காடியோடு கலக்கிறார்கள். ஒரு தேக்கரண்டியில் 35 மில்லிகிராம் சோடியம்தான் இருக்கிறது. உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் காரத்துக்கு இதையும் மணத்துக்குப் பூண்டையும் வைத்துக்கொண்டு டப்பாவைத் தவிர்த்துவிடலாம். காடியின் புளிப்பு எல்லா உணவுக்கும் ஒத்துவராது என்பது மட்டுமே இதற்குள்ள தடை.

கேஜன் என்றாலே எரியும் காரம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது மிக அண்மையில்தான். ஒப்பலூசஸ் அருகே 1940-இல் பிறந்த பால் ப்ரூடோம், நியூ ஆர்லியன்ஸில் 1979-இல் தன் மனைவியோடு தொடங்கிய உணவகத்தில், உருகிய வெண்ணெயில் தோய்த்து மசாலா அப்பிய ரெட்ஃபிஷ் மீனைப் பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் போட்டுக் கருகச் சிவக்கவைத்துப் பரிமாறினார். அது பாட்டிகள் காலத்து உணவன்று, அவர் கண்டுபிடித்தது. ஆனால் நாடெங்கும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கி, அந்த மீனினமே அருகிப்போகும் நிலை வந்ததால், 1980-களின் பிற்பகுதியில் அதை வணிகத்துக்குப் பிடிக்கக் கட்டுப்பாடுகள் வந்தன. ப்ரூடோமின் கலவையில் சிவப்பு மிளகாய், கருமிளகு, வெண்மிளகு மூன்றும் உண்டு. ஒவ்வொன்றும் வாயில் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் உறைக்கும் என்பதற்காகவே மூன்றையும் சேர்த்தார். அதில் காரம் குறைந்த மிளகாய்த் தூளான பாப்ரிகாவின் இனிப்பும் தைமின் மணமும் இருந்தன. நகல் எடுத்தவர்கள் அந்த நுட்பத்தை விட்டுவிட்டுக் கருக்கலையும் காரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் கேஜன் கோழி என்று எனக்கு வைத்தது, மிளகாய்த் தூளில் புரட்டிக் கருக்கிய இறைச்சி. பூண்டு இல்லை, மிளகு இல்லை, வெங்காயம் வதங்கிய மணத்தின் சுவடும் இல்லை. அப்படிப்பட்ட தட்டுகளோடு ஒப்பிட்டால் பச்சை டப்பாவின் நிதானம் பெரிதும் மதிக்கத் தக்கது.

இந்தக் கலவையின் கதையும் அதே ஒப்பலூசஸில்தான் தொடங்குகிறது. அந்த ஊரில் 1905-இல் பிறந்த டோனி சாஷரி, மருந்து விற்பனையிலும் காப்பீட்டிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ஓய்வுபெற்ற பின் 1972-இல் கேஜன் சமையல் குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். அதிலிருந்த பொது மசாலாக் குறிப்புக்குக் கிடைத்த வரவேற்பால்தான் அது தூளாக விற்பனைக்கு வந்தது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகும் நண்பர் குழுவுக்குச் சமைத்துப் பழகிய ஒருவரின் கைக்கலவை இது. முகாம் அடுப்பில் ஐந்து டப்பாக்களைத் தேடாமல் ஒன்றைக் குலுக்கினால் வேலை முடிய வேண்டும் என்ற தேவைதான் இதை ஆளுகிறது. உப்பையும் சேர்த்தே கலந்திருப்பதன் பொருத்தமும் அங்கேதான் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். எட்டு அவுன்ஸ், அதாவது 227 கிராம் டப்பாவே ஒரு வீட்டுக்குப் போதும். பெரியதை வாங்கினால் பாதிக்கு வரும்போது பூண்டின் மணம் மங்கிவிடும். மூடியின் துளைகளை நேராகக் கொதிக்கும் சட்டிக்கு மேல் பிடிக்காமல், கையில் கொட்டித் தூவினால் ஆவி உள்ளே போய்க் கட்டி பிடிப்பதைத் தவிர்க்கலாம். கலவையில் இறைச்சி சார்ந்த பொருள் எதுவும் பட்டியலில் இல்லை என்பதால் சைவ உணவுக்காரர்களும் பயன்படுத்தலாம். வெண்டைக்காயும் கீரைகளும் போட்டு, சாக்லேட் நிற ரூவில் செய்த கம்போவுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாத வகையை எடுத்துக்கொள்வது நல்லது. எந்தச் சமையலில் இதைச் சேர்த்தாலும் அந்தச் சமையலுக்கு வழக்கமாகப் போடும் உப்பை முதலில் முழுவதுமாக நிறுத்திவிட்டு, இறக்கும்போது சுவைத்துப் பார்த்து வேண்டுமானால் மட்டும் கூட்டுங்கள். மேசைத் தூளாக இதற்கு ஐந்துக்கு நான்கரை தருவேன். குழம்புக்கான அடிப்படை மசாலாவாக மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை, ஏனெனில் அந்த வேலையை வெங்காயமும் செலரியும் குடைமிளகாயும் ஒரு சிட்டிகை ஃபிலேயும்தான் செய்ய வேண்டும்.